கடலடி உயிரினக் குழுமங்களும் அடிநிலைப் பதிவும்: வங்கக் கடல் ஆழ்கடல் ஆய்வு வரலாற்றை முன்வைத்துத் திருவள்ளூர்க் கடற்கரை குறித்த ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஆழ்கடல் மீன்களையும் கடலடியில் வாழும் விலங்குக் குழுமங்களையும் பற்றிய ஆய்வு இந்தியாவில் ஏறத்தாழ 140 ஆண்டு வரலாறு உடையது. அதன் அண்மைக்கால நிகழ்வுகளுள் ஒன்று, 'மத்ஸ்யா 6000' எனும் ஆழ்கடல் மூழ்கு ஊர்தி திருவள்ளூர் மாவட்டம் காட்டுப்பள்ளியில் 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் நீரில் இறக்கிச் சோதிக்கப்பட்டதாகும். கடலடி உயிரினங்கள் ஏன் சூழல் மாற்றத்தின் நம்பகமான சான்றாகக் கொள்ளப்படுகின்றன, அச்சான்று எந்நிலையில் செல்லுபடியாகிறது என்னும் வினாக்களை இக்கட்டுரை விளக்குகிறது. மாற்றம் நிகழ்வதற்கு முன் எடுக்கப்பட்ட அடிநிலைப் பதிவு இல்லாவிடில் பிந்தைய அளவீடுகள் பொருளிழக்கும் என்பதை ஆழ்கடல் ஆய்வுகள் உணர்த்தியுள்ளன. அப்படிப்பினை கும்மிடிப்பூண்டி, காட்டுப்பள்ளி, எண்ணூர்த் தொழிற்பகுதிகளை ஒட்டிய ஆழமற்ற கடலடிக்கும் பழவேற்காடு ஏரிக்கும் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஆழ்கடல் மீன்கள், கடலடி உயிரினங்கள், அடிநிலைப் பதிவு, வங்கக் கடல், பழவேற்காடு, காட்டுப்பள்ளி.

1. முன்னுரை

சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய மத்ஸ்யா 6000, மூவரைச் சுமந்து 6000 மீட்டர் ஆழம் வரை செல்லும் நோக்குடன் வடிவமைக்கப்பட்டது. அதன் துறைமுகச் சோதனைகள் 2025 ஜனவரி 27 முதல் பிப்ரவரி 12 வரை காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்தில் நடைபெற்றன. ஆளின்றியும் ஆட்களுடனும் ஊர்தி மூழ்கவிடப்பட்டது. மிதப்பு, நிலைப்பு, மின்வழங்கல், உயிர்காப்பு அமைப்புகள் ஆகியன சோதித்தறியப்பட்டன.

சோதனை நிகழ்ந்த இடம் கருதத்தக்கது. காட்டுப்பள்ளி, பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு ஏரிக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் இடையே அமைந்த கடலோரப் பகுதியாகும். துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஆகியன இப்பகுதியில் நெருங்கி அமைந்துள்ளன. மேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. ஆறாயிரம் மீட்டர் ஆழத்தைக் காணச் செல்லவுள்ள ஊர்தி முதலில் நனைந்த கடலின் அடித்தளமும் ஆய்வுக்குரிய ஒரு கடலடியே. இவ்விரு கடலடிகளையும் ஒரே துறையின் கேள்விகள் இணைக்கின்றன: அங்கு எவ்வுயிரினங்கள் வாழ்கின்றன? எத்தனை வாழ்கின்றன? அவை மாறினால் அம்மாற்றத்தை எவ்வாறு அறிவது?

2. 'ஆழ்கடல்' என்னும் சொல்லின் இருபொருள்

தமிழில் இத்துறை குறித்து எழுதுவோர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் சொல் சார்ந்தது. நாளிதழ்களிலும் அரசு அறிவிப்புகளிலும் 'ஆழ்கடல் மீன்பிடிப்பு' என்பது கரையிலிருந்து நெடுந்தொலைவு சென்று பல நாள் தங்கி மீன்பிடிப்பதைக் குறிக்கிறது. அவ்வாறு பிடிக்கப்படும் சூரை முதலிய மீன்கள் பெரும்பாலும் கடலின் மேல் அடுக்குகளிலேயே பிடிபடுகின்றன. கடலின் ஆழம் மிகுதியாயினும் மீன் வாழும் ஆழம் குறைவே.

உயிரியலில் 'ஆழ்கடல்' என்பது பொதுவாக 200 மீட்டருக்குக் கீழ்ப்பட்ட பகுதியைச் சுட்டும். அங்கு ஒளிச்சேர்க்கைக்குப் போதிய ஒளி இல்லை. கண்டத்திட்டு முடிந்து கண்டச்சரிவு தொடங்குவதும் பெரும்பாலும் அவ்வாழத்தை ஒட்டியே. எனவே தொலைவைக் குறிக்குமிடத்துத் 'தொலைகடல்' என்றும், ஆழத்தைக் குறிக்குமிடத்து 'ஆழ்கடல்' என்றும் வேறுபடுத்திக் கையாள்வது தெளிவு தரும். கடலின் அடித்தளத்தின் மீதோ அதன் படிவினுள்ளோ வாழ்வனவற்றைக் 'கடலடி உயிரினங்கள்' எனலாம். இச்சொல் ஆழத்தைச் சார்ந்ததன்று. பழவேற்காட்டு ஏரியின் முழங்கால் அளவு நீரடியில் வாழும் மட்டியும் 5000 மீட்டர் ஆழத்தில் வாழும் கடல் அட்டையும் கடலடி உயிரினங்களே.

ஆழத்தை அளக்கும் சொல்லும் மீனவர் வழக்கில் உண்டு. இரு கைகளையும் விரித்த அளவான 'பாகம்' தமிழகக் கடற்கரையில் இன்றும் வழங்குகிறது. ஆங்கிலேயக் கடல் ஆய்வாளர்களின் ஆழ அலகும் கைவிரிப்பளவை அடிப்படையாகக் கொண்டதே. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வேடுகளில் காணப்படும் ஆழக் குறிப்புகளைப் 'பாகம்' என்றே தமிழில் பெயர்க்கலாம்.

3. உயிரற்ற அடியாழம் என்னும் கருதுகோளும் அதன் வீழ்ச்சியும்

எட்வர்டு போர்ப்சு என்னும் இயற்கையியலாளர் 1841, 1842ஆம் ஆண்டுகளில் ஏஜியன் கடலடியை அரித்தெடுத்து ஆராய்ந்தார். ஆழம் மிகுந்தோறும் உயிரினங்கள் குறைந்தமை கண்டு, சுமார் 300 பாகத்துக்குக் கீழே உயிர்வாழ்க்கை இல்லாதிருக்கலாம் எனக் கருதினார். ஏஜியன் கடல் இயல்பாகவே உணவு வளம் குன்றியது என்பது பின்னர் உணரப்பட்டது. ஓரிடத்துப் பதிவை எல்லாக் கடலுக்கும் விரித்ததே பிழைக்குக் காரணம். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பல் பயணம் 5000 மீட்டருக்குக் கீழும் உயிரினங்கள் வாழ்வதைக் காட்டி அக்கருதுகோளை முற்றிலும் வீழ்த்தியது.

சேலஞ்சர் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி வழியாகவே சென்றது. வங்கக் கடலும் அரபிக் கடலும் அதன் பாதையில் அமையவில்லை. அவ்விடைவெளியை நிரப்பியது 'இன்வெஸ்டிகேட்டர்' எனும் இந்தியக் கடல் அளவைக் கப்பலாகும். பம்பாயில் கட்டப்பட்டு 1881இல் நீரில் இறக்கப்பட்ட இக்கப்பலின் முதன்மைப் பணி கடல் வரைபடம் தயாரித்தல். 1884 முதல் அதில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் ஒருவரே பணியமர்த்தப்பட்டார். ஜி. எம். கைல்சு முதலாமவர். அவருக்குப் பின் 1888 முதல் 1892 வரை பணியாற்றிய ஆல்பிரட் வில்லியம் ஆல்காக் இத்துறைக்கு நிலைத்த அடித்தளம் இட்டார்.

ஆல்காக் பின்னர்க் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரானார். அங்குச் சேர்ந்த ஆழ்கடல் மீன்களின் விளக்க அட்டவணையை 1899இல் வெளியிட்டார். 1902இல் கப்பல் வாழ்க்கையையும் கண்ட உயிரினங்களையும் பொதுவாசகர்க்கு விளக்கும் நூலையும் எழுதினார். கடலடியில் நீண்ட துடுப்புக் கதிர்களை ஊன்றி நிற்கும் முக்காலி மீன் வகையான பாத்திடெரோயிசு குந்தெரி, பார்வையற்ற மின் திருக்கை வகையான பெந்தோபாட்டிசு மோரெசுபையி ஆகியன அவர் பெயரிட்டவற்றுள் அடங்கும். ராட்சதக் கடல் ஐசோபாடு எனப்படும் பாத்திநோமசு வங்கக் கடலிலும் உண்டு என்பதும் இக்கப்பலின் வழியே தெரியவந்தது.

இன்வெஸ்டிகேட்டரின் பணி உயிரினங்களைச் சேர்த்ததோடு முடியவில்லை. சேர்த்தவற்றுக்கு இடம், ஆழம், நாள் ஆகியன குறிக்கப்பட்டன. மாதிரிகள் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டன. பிற்கால வகைப்பாட்டியலாளர் அவற்றை மீண்டும் எடுத்துப் பார்த்துப் பெயர்களைத் திருத்த முடிந்தது. வங்கக் கடல் ஆழ்கடல் உயிரினங்களின் முதல் அடிநிலைப் பதிவு இதுவே.

4. ஆழ்கடல் வாழ்வின் நிபந்தனைகள்

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் நீரழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 6000 மீட்டரில் அது சுமார் 600 மடங்காகும். மத்ஸ்யா 6000இன் ஆட்கள் அமரும் 2.1 மீட்டர் உள்விட்டமுடைய கோளம் 80 மில்லிமீட்டர் தடிப்புள்ள டைட்டானியக் கலவையால் ஆக வடிவமைக்கப்பட்டதன் காரணம் இதுவே. மீனுக்கோ அத்தகைய ஓடு தேவைப்படுவதில்லை. அதன் உடல் பெரும்பாலும் நீரால் ஆனது; நீர் எளிதில் சுருங்குவதில்லை. அழுத்தம் தாக்குவது புரதங்களின் வடிவத்தையும் உயிரணுச் சவ்வுகளையுமே. ட்ரைமெத்திலமின் ஆக்சைடு எனும் சேர்மம் புரதங்களை நிலைப்படுத்துகிறது. ஆழம் கூடக்கூட மீன்களின் தசையில் இதன் செறிவும் கூடுகிறது. ஏறத்தாழ 8200 முதல் 8400 மீட்டரில் உடல்நீரின் உப்புச்செறிவு கடல்நீருக்கு இணையாகிவிடும் என்பதால் மீன்கள் அதற்குக் கீழே வாழ இயலாது எனக் கணிக்கப்பட்டது. 2022இல் சப்பானை அடுத்த ஆழ்கடல் அகழியில் 8336 மீட்டரில் நத்தை மீன் படம்பிடிக்கப்பட்டது. இதுவரை பதிவான மீன்களுள் மிக ஆழத்தது அதுவே. கணிப்பின் எல்லைக்குள்ளேயே அது அமைந்தது.

இரண்டாம் நிபந்தனை உணவு. மேற்பரப்பில் உருவாகும் கரிமப் பொருளில் மிகச் சிறு பகுதியே அடியாழத்தை எட்டுகிறது. இறந்த நுண்ணுயிரிகள், கழிவுத் துகள்கள் ஆகியன திரண்டு மெல்ல விழுவதைக் 'கடற்பனி' என்பர். ஆழ்கடலடியில் வாழும் பெரும்பாலான விலங்குகள் இதனையே நம்பியுள்ளன. இதற்கு விலக்கான வாழிடங்களும் உண்டு. ஆந்திரக் கடற்கரைக்கு அப்பால் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில், அடியிலிருந்து மீத்தேன் கசியும் இடங்களில், வேதிச்சேர்க்கை நுண்ணுயிரிகளைச் சார்ந்து வாழும் சிப்பிக் குழுமங்கள் அண்மையில் கண்டறியப்பட்டன.

மூன்றாவது, வங்கக் கடலுக்கே உரிய ஒரு நிலை. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி முதலிய பேராறுகளின் நன்னீர் மேலடுக்கை இலேசாக்குவதால் மேல்நீரும் கீழ்நீரும் கலப்பது தடைப்படுகிறது. ஏறத்தாழ 100 மீட்டர் முதல் 1000 மீட்டர் வரை ஆக்சிசன் மிகக் குறைந்த மண்டலம் ஒன்று நிலவுகிறது. இம்மண்டலம் கண்டச்சரிவைத் தொடும் இடங்களில் பெரிய விலங்குகள் அருகி, போராமினிபெரா, நூற்புழுக்கள் போன்ற சிற்றுயிர்கள் மிகுகின்றன. அதனைக் கடந்து கீழிறங்கினால் ஆக்சிசன் மீண்டும் கூடுகிறது. ஆகவே வங்கக் கடலில் ஆழம் மிக மிக உயிர் குறையும் என்னும் எளிய வாய்ப்பாடு பொருந்தாது.

5. கடலடி உயிரினங்கள் ஏன் சான்றாகின்றன

கடலடி ஆய்வாளர் உயிரினங்களை அளவால் வகுப்பர். ஒளிப்படத்தில் தெரியும் பேருயிர்கள் ஒருவகை. சுமார் 0.5 மில்லிமீட்டர் சல்லடையில் தங்குவன அடுத்தவகை. ஆழ்கடல் ஆய்வில் 0.3 மில்லிமீட்டர் சல்லடை பயன்படும். அதனினும் நுண்ணியவை மூன்றாம் வகை. இரண்டாம் வகையில் பாலிகீட்டுப் புழுக்கள், மட்டிகள், ஆம்பிபாடுகள் முதலியன அடங்கும். சூழல் கண்காணிப்பில் இவையே மிகுதியும் பயன்படுகின்றன.

இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, இவற்றுள் பெரும்பாலானவை இடம்பெயர்வதில்லை. மாசுற்ற நீர் வந்தால் மீன் விலகிச் செல்லும். சேற்றில் புதைந்து வாழும் புழு அதனை எதிர்கொண்டே ஆக வேண்டும். இரண்டாவது, இவற்றின் வாழ்நாள் சில மாதங்கள் முதல் சில ஆண்டுகள் வரை. ஒருநாள் எடுத்த நீர் மாதிரி அந்நாளின் நிலையையே காட்டும். கடலடிக் குழுமம் கடந்த பல மாதங்களின் நிலையைத் திரட்டிக் காட்டும். மூன்றாவது, உலோகங்களும் எண்ணெய்க் கூறுகளும் நுண்துகள்களில் ஒட்டிப் படிவில் சேர்கின்றன. நீர் தெளிந்த பின்னரும் சேறு அவற்றை வைத்திருக்கிறது.

கரிமக் கழிவு மிகும்போது குழுமம் மாறும் முறையை 1978இல் பியர்சன், ரோசன்பெர்க் ஆகியோர் தொகுத்துக் காட்டினர். கழிவுவாயிலிருந்து விலகிய இடத்தில் இனங்கள் பலவாகவும் ஒவ்வொன்றின் எண்ணிக்கை அளவாகவும் இருக்கும். நெருங்குமிடத்தில் இனங்கள் குறைந்து, கேப்பிடெல்லா போன்ற சில சிறு புழுக்கள் மட்டும் பெருந்தொகையாகப் பெருகும். மிக நெருங்கினால், கருத்து நாறும் சேற்றில் எதுவும் எஞ்சாது. மொத்த எண்ணிக்கையை மட்டும் எண்ணுவோர், புழுக்கள் பெருகிய இடத்தை வளமானதாகத் தவறாகக் கருதக்கூடும். எவ்வினம் என்று அறிந்தால்தான் உண்மை விளங்கும். இதனால் வகைப்பாட்டியல் இத்துறையின் முதுகெலும்பாகிறது.

வகைப்பாட்டின் சுமை எத்தகையது என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவின் நியூசெர்சி மாநிலத்துக்கு அப்பால் கண்டச்சரிவில் எடுக்கப்பட்ட 233 பெட்டி மாதிரிகளைக் கிராசல், மசியோலெக் ஆகியோர் ஆராய்ந்து 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். மொத்தப் பரப்பு 21 சதுர மீட்டர் மட்டுமே. அதாவது ஒரு வகுப்பறையினும் சிறிய பரப்பு. அதில் 798 இனங்கள் கிடைத்தன. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை அறிவியலுக்குப் புதியவை.

6. கலக்கிப் பார்த்த கடலடி: 1997ஆம் ஆண்டுச் சோதனை

மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையின் அடியில் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு ஆகியன அடங்கிய பல்லுலோக முடிச்சுகள் பரவிக் கிடக்கின்றன. அவற்றை ஆராயும் முன்னோடி முதலீட்டாளராக இந்தியா 1987இல் பதிவு பெற்றது. பன்னாட்டுக் கடலடி ஆணையத்துடன் 2002இல் ஒப்பந்தம் செய்து, பின்னர் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தக்கவைத்துக் கொண்டது. முடிச்சுகளை அள்ளும் எந்திரம் கடலடியைக் கிளறும். எழும் வண்டல் சுற்றிலும் படியும். அதன் விளைவை அறியக் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 1997இல் ஒரு சோதனை நிகழ்த்தியது.

முதலில் அவ்விடத்தின் படிவு, வேதியியல், உயிரினங்கள் ஆகியன பதிவு செய்யப்பட்டன. பின்னர் 5000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 3 கிலோமீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் உடைய பட்டையில், வண்டலைக் கிளறும் கருவி 26 முறை இழுக்கப்பட்டது. அதன்பின் அவ்விடமும் தொடப்படாத ஒப்பீட்டு இடமும் மீண்டும் அளக்கப்பட்டன. கிளறிய பட்டையில் கடலடி விலங்குகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. பின்வந்த ஆண்டுகளிலும் கண்காணிப்புத் தொடர்ந்தது.

இதையொத்த சோதனையொன்று செருமானிய ஆய்வாளர்களால் 1989இல் பெரு நாட்டுக்கு அப்பால் சுமார் 4150 மீட்டர் ஆழத்தில் நடத்தப்பட்டது. 26 ஆண்டுகள் கழித்து 2015இல் சென்று பார்த்தபோது உழுத தடங்கள் அப்படியே தெரிந்தன. நுண்ணுயிரிகளின் செயற்பாடும் முழுமையாக மீளவில்லை. வண்டல் மிக மெதுவாகப் படியும் இடத்தில் காயம் ஆறுவதும் மெதுவே.

இச்சோதனைகளின் முறையியல் மூன்று கூறுகளைக் கொண்டது: முன்பதிவு, பின்பதிவு, தொடப்படாத ஒப்பீட்டு இடம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் முடிவு தளர்வுறும். முன்பதிவு இல்லையேல், காணப்படும் வறுமை இயல்பானதா விளைந்ததா என அறிய இயலாது. ஒப்பீட்டு இடம் இல்லையேல், மாற்றம் எந்திரத்தால் வந்ததா கடலின் இயல்பான ஏற்ற இறக்கத்தால் வந்ததா என அறிய இயலாது.

7. திருவள்ளூர்க் கடற்கரைக்கு இம்முறையியலின் பொருத்தம்

ஆழ்கடலுக்கு உருவான இம்முறையியல் கரையோரத்துக்கு மேலும் தேவைப்படுகிறது. ஏனெனில் ஆழ்கடலில் தொல்லை இனிமேல் வரவிருப்பது; கரையோரத்தில் அது பல பத்தாண்டுகளாக நிகழ்ந்து வருவது.

திருவள்ளூர்க் கடற்கரையில் கடலடியைத் தொடும் செயல்கள் பலவகை. 2001இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகமும் (இன்றைய காமராசர் துறைமுகம்) அதன் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் கப்பல் வழிகளைத் தூர்வாரி ஆழப்படுத்துகின்றன. அனல்மின் நிலையங்கள் குளிர்விப்பு நீரை வெளியேற்றுகின்றன. அவற்றின் சாம்பல் எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் படிந்தமை தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் விசாரணைக்கும் உள்ளானது. காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கப்பட்ட நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை செறிவுற்ற உப்புநீரைக் கடலுக்கு விடுகிறது. அத்தகைய நீர் கடல்நீரினும் அடர்த்தி மிக்கது. நன்கு கலவாவிடில் அடியை ஒட்டியே பரவும் இயல்புடையது. 2017 ஜனவரி 28 அன்று இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கசிந்து கரையில் ஒதுங்கியது. கும்மிடிப்பூண்டிப் பகுதியின் நிலச் சாய்வு கிழக்கு நோக்கியது. ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. நிலத்தில் சேரும் நுண்துகள்கள் இறுதியில் சேரும் இடம் ஏரியின் அடித்தளமே.

இவ்வடித்தளத்தைச் சார்ந்து வாழ்வோர் பலர். பழவேற்காட்டு மீனவர் 'பாடு' என்னும் முறைப்படி ஏரியின் இறால் பிடிக்கும் இடங்களைத் தம்முள் முறைவைத்துப் பகிர்ந்து கொள்கின்றனர். இருளர் சமூகத்தினர் ஆழமற்ற நீரில் இறங்கிச் சேற்றைக் கைகளால் துழாவி இறால் சேர்க்கின்றனர். இறாலும் சேற்று நண்டும் உண்பவற்றுள் பாலிகீட்டுப் புழுக்களும் சிறு மட்டிகளும் அடங்கும். கடலடிக் குழுமம் சரிவது ஓர் அட்டவணையில் எண் குறைவது மட்டுமன்று. அது ஒரு பாட்டின் பயன் குறைவதாகும்.

தொழில் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் கடலடி உயிரின அட்டவணைகள் இடம்பெறுவது வழக்கம். ஆயின் பருவமழை தவிர்த்த ஒரு பருவத்துத் தரவே அடிநிலையாகக் கொள்ளப்படும் நடைமுறை உள்ளது. இக்கடற்கரையில் அது போதாது. வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்றுநீர் பெருகி ஏரியின் உப்புத்தன்மை வெகுவாகக் குறைகிறது. கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து உப்புத்தன்மை உயர்கிறது. ஆண்டுதோறும் குழுமம் இவ்விரு எல்லைகளுக்கிடையே ஊசலாடுகிறது. கோடையில் மட்டும் எடுத்த பதிவை அடுத்த ஆண்டு மழைக்காலப் பதிவுடன் ஒப்பிட்டால், இயல்பான ஊசலாட்டம் மாசின் விளைவாகவும், மாசின் விளைவு இயல்பான ஊசலாட்டமாகவும் தோன்றக்கூடும். இத்தெளிவின்மை இரு தரப்புக்கும் வாதமாகப் பயன்படும், உண்மைக்குப் பயன்படாது.

8. செய்யத்தக்கன

மேற்கண்டவற்றின் அடிப்படையில் பல்கலைக்கழக ஆய்வுத்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணிகள் சில உள்ளன. இவற்றுக்கு ஆழ்கடல் ஊர்தி வேண்டியதில்லை. சிறு படகு, வான் வீன் அள்ளி, 0.5 மில்லிமீட்டர் சல்லடை, பார்மலின், நுண்ணோக்கி ஆகியன போதும்.

முதலாவதாக, பழவேற்காடு முகத்துவாரம் முதல் எண்ணூர் வரை நிலையான ஆய்விடங்களைக் குறித்து, ஆண்டுக்கு நான்கு பருவங்களிலும் ஒரே கருவியால் மாதிரி எடுத்தல் வேண்டும். கருவியும் சல்லடைக் கண் அளவும் மாறினால் ஒப்பீடு பழுதாகும். இரண்டாவதாக, தொழிற்பகுதியிலிருந்து விலகிய, ஒத்த மணற்பாங்கும் ஆழமும் உடைய இடங்களை ஒப்பீட்டு இடங்களாகச் சேர்த்தல் வேண்டும். மூன்றாவதாக, இனங்காணல் 'புழுக்கள்', 'மட்டிகள்' என்னும் பெருங்குழு நிலையில் நின்றுவிடாமல் இன நிலை வரை செல்ல வேண்டும். நான்காவதாக, மாதிரிகளை எண்ணி முடித்தபின் எறிந்துவிடாமல் அருங்காட்சியகத்தில் வைப்பாக ஒப்படைத்தல் வேண்டும். ஆல்காக் காலத்து மீன்களை இன்றும் எடுத்துப் பார்க்க முடிகிறது. நேற்றைய மாதிரி இல்லாத அட்டவணையில் பெயர் பிழையாயின் அதனைத் திருத்த வழியே இல்லை.

ஐந்தாவது பணி தமிழாய்வுக்குரியது. மீனவரும் இருளரும் சேற்றின் வகை, அதில் வாழும் புழு, மட்டி, நண்டு ஆகியவற்றுக்கு வழங்கும் பெயர்கள் இடத்தோடும் பருவத்தோடும் தொகுக்கப்பட வேண்டும். எழுதப்பட்ட முன்பதிவு இல்லாத காலத்துக்கு அவர்தம் நினைவே எஞ்சிய சான்று. எவ்விடத்தில் எம்மட்டி எப்போது வரை கிடைத்தது என்னும் செய்தி, படிவில் புதைந்த ஓடுகளின் ஆய்வோடு வைத்துச் சரிபார்க்கத்தக்கது. இங்கு மொழியியலாளரும் உயிரியலாளரும் இணைந்து பணியாற்ற இடமுண்டு.

9. முடிவுரை

ஆழ்கடல் மீன்களையும் கடலடிக் குழுமங்களையும் பற்றிய ஆய்வு, உயிரற்ற அடியாழம் என்னும் பிழையான பொதுமைப்படுத்தலில் தொடங்கி, இடம், ஆழம், நாள் குறித்த பதிவுகளால் வளர்ந்தது. இன்வெஸ்டிகேட்டர் கப்பல் வங்கக் கடலுக்கு முதற்பதிவை அளித்தது. 1997ஆம் ஆண்டுச் சோதனை, பதிவைக் கொண்டு தீங்கை அளக்கும் முறையைச் செயலில் காட்டியது. 2021இல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் இயக்கமும் மத்ஸ்யா 6000உம் அப்பணியை மனிதக் கண்களோடு அடியாழத்துக்குக் கொண்டு செல்லவுள்ளன.

ஆழ்கடலில் சுரங்கம் தொடங்கும் முன் அடிநிலைப் பதிவு வேண்டும் என்பதைப் பன்னாட்டு விதிமுறைகள் வலியுறுத்துகின்றன. பழவேற்காட்டுக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட கடலடிக்கு அந்த 'முன்' கடந்துவிட்டது. எனினும் இனிவரும் ஒவ்வொரு விரிவாக்கத்துக்கும் ஒரு 'முன்' உண்டு. இன்று பருவந்தோறும் எடுக்கப்படும் பதிவே நாளைய ஒப்பீட்டின் அடிநிலையாகும். அது இல்லாவிடில், ஏரியில் இறால் குறைந்தது எனக் கூறும் மீனவரிடம் சான்று கேட்கப்படும்போது, அதற்கு விடையளிக்க வேண்டிய ஆய்வுலகம் வெறுங்கையுடன் நிற்க நேரும்.